பொன்மனத்தாளும் மணியோசையும்

டென்மார்க் நாட்டிலே சிறுவர்களுக்கென வெளிவந்த பழைய படக்கதைப் புத்தகம் ஒன்று உண்டு. ‘பொன்மனம்’ என்று அதன் பெயரைத் தமிழிற் கூறலாம். சிறுமி ஒருத்தி சட்டைப் பையிலே சில ரொட்டித் துண்டுகளையும் வேறு சில சிறு பொருள்களையும் இட்டுக்கொண்டு காட்டினுள்ளே செல்கிறாள். தன்னிடம் உள்ளவற்றை ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டே போகிறாள். காட்டைக் கடந்து மறுபுறம் வந்து நிற்கும்போது அவளிடத்திலே உடுத்த துணிகூட எஞ்சவில்லை. ஆயினும் தனக்கு ஒரு குறையும் இல்லை என்று அவள் சொல்வதோடு கதை முடிகிறது.

இந்தப் புத்தகத்தைச் சிறு வயதிலே கையில் வைத்திருந்த ஒருவர், பிற்காலத்தில் திரைப்பட நெறியாளராகி, தியாகியின் நிலையை அதன் எல்லைவரை கொண்டுசென்று காட்டிய கதை அது என்று குறிப்பிட்டார். தமது படமொன்று அதிலிருந்தே முளைத்தது என்றும் கூறினார். அவர் பெயர் லார்ஸ் வொன் ட்ரியர்; 1956இற் பிறந்தவர். 1996ஆம் ஆண்டிலே அவர் ஆங்கில மொழியில் ஆக்கிய படம் ‘பிறேக்கிங் த வேவ்ஸ்’, அதாவது ‘அலைகளைப் பிளத்தல்’ என்பதாகும். அப்படத்தையொட்டி விமரிசகர்களிடையே எழுந்து இன்னும் ஓயாதிருக்கும் வழக்கைப் பற்றியே இங்கு பேசப் புகுகின்றோம்.

படத்தைக் காணாத நேயர்கள் பலர் இருக்கக்கூடும். ஆதலின் கதையைச் சிறிது விரித்தே சொல்லவேண்டியிருக்கிறது.

ஸ்கொட்லாந்தின் மலைநாட்டுக் கடற்கரையிலே ஒரு சிற்றூர். காலம் 1970ஆம் ஆண்டை அடுத்த சில ஆண்டுகள். கல்வினுடைய போதனையைப் பின்பற்றும் கண்டிப்பான சபையொன்று அவ்வூரை ஆளுகின்றது. தேவாலயத்திலே மணி கிடையாது. சபையிலே பெண்கள் வாய் திறத்தல் ஆகாது. இறந்தவரை அடக்கம் செய்யும் இடத்துக்கு அவர்கள் செல்லுதலும் ஆகாது. பெஸ் என்னும் இளம்பெண் அங்கே வாழ்கிறாள். வெள்ளை உள்ளம் படைத்தவள். தமையன் இறந்தபோது மனம் கலங்கி வைத்தியசாலையில் இருந்து மீண்டவள். தேவாலயத்தைத் தானே கூட்டித் துடைப்பவள். தனித்திருக்கும்போது கடவுளோடு உரையாடுவாள். கேள்வியைத் தன் குரலிற் கேட்டு, மறுமொழியைக் கடுமையான வேறொரு குரலிலே தானே சொல்லிக் கொள்வாள்.

வெளியூரானும், கடலிலே எண்ணெய் துளைக்கும் மேடையிற் பணிபுரிபவனுமாகிய ஜான் என்பவனை அவள் மணக்கிறாள். அவன் வேலைக்குத் திரும்பியதும் பிரிவு தாங்காது, அவனை உடனே வீட்டுக்கு அனுப்பிவிடும்படி கடவுளை மன்றாடுகிறாள். அவன் வருகிறான், விபத்திலே கழுத்தெலும்பு நொறுங்கி, உடல் முழுதும் உணர்வற்ற நிலையில் வருகிறான். தன் வேண்டுதலே அவனை வீழ்த்தியது என்று பெஸ் நம்புகிறாள். படுக்கையிற் கிடக்கும் ஜான், அவள் வேறு ஆடவரை நாடவேண்டும், நாடி அதைத் தனக்கு வந்து சொல்லவேண்டும், அதனாலேதான் தான் உயிர்வாழ முடியும் என்கிறான். அவளுக்கு விடுதலை கொடுக்கும் எண்ணத்தோடு சொன்னானா, நோயும் மருந்தும் கலக்கிய மூளையோடு சொன்னானா என்பதைப் படம் தெளிவாக்கவில்லை. பெஸ் அருவருப்போடும் அச்சத்தோடும் அதைச் செய்கிறாள். சபை அவளை விலக்குகிறது. தாயின் கதவு திறக்கவில்லை. ஊர்ச் சிறுவர் கல்லெறிகின்றனர். இறுதியிலே, கொடியவர்கள் இருக்கும் கப்பலென்று அறிந்துகொண்டே அதிற் சென்று, குத்துண்டு மீள்கிறாள். ஜான் தேறவில்லை என்பதைக் கேட்டு, எல்லாம் தவறாகிவிட்டதோ என்ற ஐயத்துடனே அவள் உயிர் பிரிகிறது. அதன் பின்னர் ஜான் எழுந்து நடக்கிறான். சபையாரிடம் அவளுடலை விட்டுவிட மனமின்றி, இரகசியமாக எடுத்துச் சென்று கடலிலே அடக்கம் செய்கிறான். விடியற்காலையில், கடலின் மேலே, வானத்திலே பெருமணிகள் ஒலிக்கின்றன.

இந்தக் கதையைச் சொல்லக் கேட்டால், கண்ணீர் பிழியும் பழங்காலத்து நாடகம் என்றே தோன்றும். அது அவ்வாறு தோன்றாதவாறு படத்தை அமைத்த முறையையும் கூறுதல் வேண்டும். பெரும் படநிறுவனங்களின் தயவிலே நில்லாது, வொன் ட்ரியரும் அவருடைய கூட்டாளியும் 1992இல் நிறுவிய சென்ரோப்பா என்னும் நிறுவனத்தின் வாயிலாக, ஐரோப்பிய நாடுகள் பலவற்றிலே திரட்டிய பணத்தைக் கொண்டு எடுக்கப்பட்ட படம் இது. ரொபி முல்லர் என்னும் தேர்ந்த ஒளிப்பதிவாளர் கருவியைக் கையிலே தூக்கிக்கொண்டு நடிகரின் பின்னால் அலைந்து படம் பிடித்தார். பிடித்த படத்தை வீடியோவுக்கு மாற்றி, மீண்டும் படச்சுருளுக்கு மாற்றியதனாலே நிறங்கள் வெளிறி, ஏதோ ஒரு வீட்டின் அந்தரங்கப் பதிவைக் காண்பது போன்ற நெருடல் உண்டாகிறது. ஏழு அத்தியாயங்களும் ஒரு முடிவுரையும் என வகுக்கப்பட்ட படத்திலே, அத்தியாயந்தோறும் இயற்கைக் காட்சியொன்று ஓவியம் போல நின்று, அக்காலத்து மேனாட்டுப் பாட்டொன்று ஒலிக்கும். இரண்டரை மணி நேரத்துக்கு மேற்பட்ட துன்பக் கதையிலே, மூச்சு விடுவதற்கு அவை மட்டுமே இடம் தருகின்றன.

பெஸ்ஸாக நடித்த எமிலி வொட்சன் அதற்குமுன் எந்தப் படத்திலும் தோன்றியவரல்லர், மேடையிலே நடித்துவந்தவர். அப்பாத்திரத்துக்கு முதலில் ஏற்பாடு செய்யப்பட்டிருந்த ஹெலனா பொன்ஹம் கார்ட்டர் விலகிக்கொண்டமையாலே வாய்ப்பு அவரிடம் வந்தது. சில வேளைகளிற் கருவியை நேரே ஏறிட்டுப் பார்த்து, பார்ப்போரை நோக்கிக் கள்ளமின்றிச் சிரிப்பார். அந்தப் பார்வையை மறந்துவிட்டு இப்படத்தைப் பற்றி எழுதிய விமரிசகர் அரியர்.

1996ஆம் ஆண்டு மே மாதத்திலே பிரான்ஸ் நாட்டுக் கான் நகரத் திரைப்பட விழாவில் இது முதன்முதலாகக் காட்டப்பட்டு, இரண்டாவது உயர்ந்த பரிசைப் பெற்றது. முதற்பரிசு மைக் லீ என்னும் ஆங்கில நெறியாளரின் படத்துக்குச் சென்றது. அவ்வாண்டின் சிறந்த ஐரோப்பியப் படமென்ற விருதும் இதற்குக் கிடைத்தது. ஐக்கிய அமெரிக்காவின் திரைப்பட விமரிசகர் தேசியச் சங்கம் 1996இன் சிறந்த படம், சிறந்த நெறியாளர், சிறந்த நடிகை, சிறந்த ஒளிப்பதிவு ஆகிய நான்கையும் இதற்கே அளித்தது. எமிலி வொட்சன் ஒஸ்கார் பரிசுக்கு முன்மொழியப்பட்டார். பரிசு வேறொருவருக்குப் போயிற்று. சிக்காக்கோ நகரத்து விமரிசகரான ரொஜர் ஈபர்ட் இதற்கு முழுப் புள்ளி வழங்கியதோடமையாது, தொண்ணூறுகளின் பத்துச் சிறந்த படங்களுள் ஒன்றாகவும் பின்னர் இதனைச் சேர்த்தார். நெறியாளர் மார்ட்டின் ஸ்கோர்செசியும் அவ்வாறே தம் பட்டியலிற் சேர்த்துக் கொண்டார். மனிதர் வகுத்த ஒழுக்கவிதிகளுக்கு அப்பாலும் கடவுள் பார்க்கிறார், நாம் எண்ணுவதைக் காட்டிலும் அதிகமாக விளங்கிக்கொள்கிறார் என்பதே படத்தின் உட்கருத்தென ஈபர்ட் கண்டார்.

இவ்வளவு புகழுக்கும் நடுவிலே மறுப்பும் அதே வேகத்தோடு எழுந்தது. குறிப்பாக, பெண்களின் நிலைமை பற்றி ஆராய்வோர் இப்படத்தைக் கடுமையாகச் சாடினர். அவர்கள் வினா எளிமையானது. ஆடவனுடைய கால்கள் நடமாட வேண்டுமெனின் பெண்ணொருத்தியின் உடல் சிதையவேண்டுமா? அச்சிதைவை அழகென்றும் புனிதமென்றும் காட்டுவது எத்தகைய கலை? 2003ஆம் ஆண்டிலே ‘இலக்கியமும் இறையியலும்’ என்னும் ஆய்விதழில் அலைடா ஃபேபர் எழுதிய கட்டுரை, பெண்மீது இழைக்கும் பாலியற் கொடுமையை மீட்பாக மாற்றிவிடலாகுமா என்ற வினாவைத் தலைப்பிலேயே கொண்டிருந்தது. அதே இதழில் 1998இலே ஸ்டீவன் ஹீத் கடவுள், விசுவாசம், திரைப்படம் என்ற மூன்றையும் இணைத்து இப்படத்தை ஆராய்ந்திருந்தார். இறையியல் ஏடொன்று இந்தப் படத்தைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பேச நேர்ந்ததே, வழக்கு வெறும் கலைநுட்பத்தைப் பற்றியதன்று என்பதைக் காட்டுகிறது.

படத்தை ஆதரித்தோர் சொல்லும் விடை, பெஸ் பிறர் இழுத்த இழுப்புக்குச் செல்பவள் அல்லள் என்பது. வைத்தியர் தடுக்கிறார், அண்ணி தடுக்கிறாள், சபை தடுக்கிறது. அனைவரையும் மீறி அவளே தெரிந்தெடுக்கிறாள். ஊரிலே தன் மனச்சாட்சியின்படி நடக்கும் துணிவுள்ளவள் அவள் ஒருத்தியே என்பர். இவ்விடை பாதி உண்மை. தெரிந்தெடுக்கும் உரிமை பெஸ்ஸுக்கு இருக்கலாம். ஆனால், அவளுக்கு முன்னே வேறு வழியே இல்லாதவாறு கதையை அடைத்து வைத்தவர் கதாசிரியர் அல்லவா? கன்னத்தில் அறைந்துவிட்டு, அவள் பொறுமையைப் பாருங்கள் என்று சொல்வது போன்றதே அது என்று மறுப்போர் கூறினால், அதை எளிதிலே தள்ளிவிட முடியாது.

நளாயினியின் கதையைக் கேட்டு வளர்ந்த நம்மவர்க்கு இவ்விடத்திலே ஒரு நினைவு எழாமற் போகாது. தொழுநோய் பிடித்த கணவனைக் கூடையிலே சுமந்து, அவன் விரும்பிய கணிகையின் வீட்டுக்கே கொண்டு சென்றவள் அவள். அங்கே ஊரும் வானும் அவள் கற்பைப் போற்றின. சூரியனும் அவள் சொல்லுக்கு அடங்கி நின்றான். பெஸ் கணவன் சொல்லைக் காக்கும் வழியோ, ஊர் எதைக் கற்பென்று சொல்கிறதோ அதனை இழப்பதிலே கிடக்கிறது. இரண்டு கதைகளையும் ஒரே தராசில் வைக்க நான் முயலவில்லை. ஆனால், கணவனுடைய விருப்பம் நல்லதா என்று ஒருவரும் கேளாத ஒற்றுமை இரண்டுக்கும் உண்டு.

சமய நோக்கிலே எழுதியவர்களும் ஒரே குரலிற் பேசினாரல்லர். டென்மார்க்கின் மூத்த நெறியாளரான கார்ல் டிரையர், 1928இலே ஜோன் ஒவ் ஆர்க்கின் விசாரணையையும், 1955இலே ‘ஓர்டெட்’ என்னும் படத்தில் இறந்த பெண்ணொருத்தி உயிர்த்தெழுவதையும் காட்டியவர். வொன் ட்ரியர் அவரைக் குருவாகக் கொண்டவர். டிரையர் எடுக்காது விட்ட ‘மெடியா’ என்னும் கதையை 1988இலே தொலைக்காட்சிக்காகத் தாமே எடுத்தவர். ஆகவே பெஸ்ஸின் முகத்திலே ஜோனின் முகத்தையும், ஜான் நடப்பதிலே ‘ஓர்டெட்’டின் அற்புதத்தையும் பலர் கண்டனர். ஆனால் டிரையரின் படத்திலே உயிர் திரும்புவது இறந்த பெண்ணுக்கே. இங்கே பெண் இறந்து கிடக்க, நலம் பெறுபவன் கணவன். குருவுக்கும் மாணாக்கருக்கும் இடையேயுள்ள இவ்வேறுபாடு சிறியதன்று.

இன்னொன்று, சபையைச் சித்திரித்த முறை. இறந்தவளை நரகத்துக்கு உரியவளென்று மூப்பர்கள் புதைகுழியின் அருகே நின்று தீர்ப்பளிக்கும் காட்சி படத்தில் வருகிறது. ஆனால், யார் மீட்படைவர் என்பது கடவுளுக்கு மட்டுமே தெரிந்த தீர்மானம் என்பதே கல்வினுடைய போதனையின் நடுநிலையம். அப்போதனையை உண்மையாகக் கைக்கொள்ளும் மூப்பர் அத்தீர்ப்பைச் சொல்ல நாக்கூசுவார். படத்திலுள்ள சபை, ஸ்கொட்லாந்தில் உள்ள சபையைப் பார்த்து எழுதியதாகத் தோன்றவில்லை. கதைக்கு ஒரு சுவர் தேவைப்பட்டமையாற் கட்டிய சபையாகவே தோன்றுகிறது.

இனி, அந்த மணிகளுக்கு வருவோம். விமரிசகர்கள் இரு பிரிவாகப் பிரிந்தது பெரும்பாலும் இந்த இடத்திலேதான். அருளின் அடையாளம் என்றனர் ஒரு சாரார். இரண்டரை மணி நேரம் நம்மை வதைத்த நெறியாளர், கடைசியிலே நம்மைப் பார்த்து நகைக்கிறார் என்றனர் மற்றொரு சாரார். எண்ணெய் மேடையிலுள்ள கருவியிலே ஒன்றும் தென்படவில்லை, ஆயினும் ஓசை கேட்கிறது என்று படம் வலிந்து நமக்குச் சொல்கிறது. அதுவும் போதாதென்று, மேகத்தின் மேலிருந்து மணிகளைக் கண்ணுக்கும் காட்டிவிடுகிறது. என் கருத்திலே அந்த ஓசை மட்டும் இருந்திருந்தாற் போதும். அதிலும் நெஞ்சை உறுத்துவது வேறொன்று. மணிகள் ஒலிப்பதை ஜான் கேட்கிறான், தோழர்கள் கேட்கிறார்கள், அரங்கிலிருக்கும் நாம் கேட்கிறோம். கேட்கவேண்டிய ஒருத்தி கேட்கவில்லை. தான் செய்தது வீண் என்ற எண்ணத்தோடே அவள் போய்விட்டாள். மணியோசை நம் மனத்துக்கு ஆறுதலளித்து நம்மை வீட்டுக்கு அனுப்புகிறது. வானமே அவளை ஏற்றுக்கொண்டபின், கல்லெறிந்த சிறுவரையும் கதவடைத்த தாயையும் யார் கேள்வி கேட்கப் போகிறார்கள்?

வொன் ட்ரியர் இத்தகைய பொன்மனத்துப் பெண்களைக் கொண்டு பின்னும் இரண்டு படங்கள் எடுத்தார். அவற்றுள் 2000ஆம் ஆண்டிலே வந்த ‘டான்சர் இன் த டார்க்’, கண்பார்வை மங்கிவரும் ஏழைத் தாயொருத்தி மகனுடைய கண்களைக் காக்கப் பணம் சேர்த்துத் தூக்குமேடைக்குச் செல்லும் கதை. அதற்குக் கான் விழாவின் முதற்பரிசும், அதிலே நடித்த ஐஸ்லாந்துப் பாடகி பியோர்க்குக்குச் சிறந்த நடிகைக்கான பரிசும் கிடைத்தன. கைதட்டலும் இகழொலியும் ஒரே அரங்கில் எழுந்தன. 2017ஆம் ஆண்டு ஒக்டோபரிலே, தம்மோடு பணியாற்றிய டென்மார்க் நெறியாளர் ஒருவர் தம்மைத் துன்புறுத்தினாரென்று பியோர்க் பெயர் கூறாது எழுதினார். வொன் ட்ரியர் குற்றச்சாட்டை மறுத்தார். அதன் பின் ‘அலைகளைப் பிளத்தல்’ என்னும் படத்தையும் பலர் புதிய ஐயத்தோடு பார்க்கலாயினர்.

எமிலி வொட்சனுடைய நிலை வேறு. பெஸ்ஸாக நடிக்க ஒப்புக்கொண்டமைக்காக, சிறு வயது தொட்டுத் தாம் சார்ந்திருந்த தத்துவக் கழகமொன்றிலிருந்து தாம் விலக்கப்பட்டதாக அவர் பின்னாளிலே கூறினார். சபை விலக்கிய பெண்ணாக நடித்தவரைச் சபையொன்று விலக்கிற்று. ஆயினும், அப்பாத்திரத்தை அவர் வெறுத்துப் பேசியதில்லை.

2016ஆம் ஆண்டிலே இக்கதை அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலே இசைநாடகமாக மேடையேறியது. இசையமைத்தவர் மிஸ்ஸி மசோலி என்னும் பெண்மணி. குழுவாகப் பாடுவோர் அனைவரையும் ஆடவராகவே அவர் அமைத்தார். பெஸ்ஸைச் சூழ்ந்து நின்று நெருக்கும் ஊரை அந்த ஆண்குரல்களே நம் காதுக்கு உணர்த்துகின்றன. 2019இலே அந்நாடகம் எடின்பரோ விழாவுக்கு வந்து, கதை நிகழ்ந்த ஸ்கொட்லாந்திலேயே பாடப்பட்டது.

இத்துணை விமரிசகரும் பெஸ்ஸைப் பற்றியே எழுதினர். எனக்கோ அவர்கள் போதிய அளவு கவனியாத இன்னொருத்தி உண்டு. பெஸ்ஸின் இறந்த தமையனுடைய மனைவி, டோடோ என்பவள். கத்ரின் கார்ட்லிட்ஜ் அப்பாத்திரத்தில் நடித்தார். 2002இலே இளவயதிற் காலமானார். டோடோ வைத்தியசாலையிலே தாதி. கணவன் போன பின்னரும் அவ்வூரிலே தங்கியிருப்பது பெஸ்ஸுக்காகவே. திருமணத்தன்று வாழ்த்துகிறாள்; துயரத்திலே அணைக்கிறாள்; தவறென்று கண்டபோது கடிந்துரைக்கிறாள். பெஸ் கேட்டுக்கொண்டதற்காக, ஜானின் கட்டிலருகே மண்டியிட்டு இறைவனிடம் மன்றாடுகிறாள். பெண்கள் வரலாகாத புதைகுழிக்கு வந்து, பெஸ்ஸை நரகத்துக்கு அனுப்ப உங்களில் எவருக்கும் உரிமையில்லையென்று மூப்பர்களின் முகத்துக்கு நேரே சொல்கிறாள். அவளுடைய நன்மைக்காக வானத்திலே மணி ஒலிக்கவில்லை, அவள் இறக்கவுமில்லை. மறுநாளும் தாதியின் வெள்ளை உடையை அணிந்துகொண்டு வேலைக்குச் செல்லவேண்டியவள் அவள். வொன் ட்ரியரின் மீது சாட்டப்படும் குற்றத்துக்கு அவருடைய படத்திலேயே சாட்சியாகவும் மறுமொழியாகவும் நிற்பவள் டோடோ என்று சொல்லத் தோன்றுகிறது. நல்ல பெண் என்றால் அழிந்தே தீரவேண்டும் என்பது அவருடைய முடிந்த கொள்கையாக இருந்திருப்பின், இவளை இவ்வளவு அன்போடு படைத்திருக்க மாட்டார்.

மணியோசையைக் காட்டிலும் நான் பெரிதாக மதிக்கும் காட்சி, அதற்குச் சற்று முன்னே வரும் மரண விசாரணை. பெஸ்ஸுக்கு மருத்துவம் பார்த்த இளம் வைத்தியர் சாட்சி சொல்ல எழுகிறார். மனநோயாளி என்று அவர் முன்னர் எழுதிய அறிக்கை அங்கே இருக்கிறது. இன்று மறுபடி எழுதுவதாயின், அந்த நோயின் பெயருக்குப் பதிலாக, நல்லவள் என்ற சொல்லையே இட நேரும் என்கிறார். விசாரணை செய்பவருக்கு வியப்பு. நன்மை என்னும் குறைபாட்டினாலே இப்பெண் இறந்தாளென்று பதிவேட்டில் எழுதச் சொல்கிறீரா என்று கேட்கிறார். அறையிலே ஓசையில்லை. வைத்தியர் தயங்கி நிற்கிறார். பின்பு, இல்லை, அவ்வாறு எழுத வேண்டாம் என்று சொல்லி, தம் பழைய அறிக்கைக்கே திரும்பிவிடுகிறார்.